இடப்பக்கம் சாயும் முடிச்சு

"எண்பதுன்னு எழுதுறதுல உனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

"எழுபது வருஷம் கொறஞ்சு போகுது."

"உன் வயசையா கொறைக்கச் சொன்னேன்? கம்பளத்தோட வயசுதானே."

"என் வயசைக் கொறைச்சா யாரும் கேக்க மாட்டாங்க. இது கையெழுத்துப் போட்டுக் குடுக்கிற காகிதம்."

காலை ஒன்பதரை மணி. கம்பளப் பட்டறையின் மாடி அறையில் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சத்தத்தில், கீழே சலவை முற்றத்தில் இருந்த வேலையாட்கள் இரண்டு பேரும் தண்ணீர்க் குழாயைப் பாதி மூடிவிட்டார்கள். முழுதாகத் திறந்தால் மேலே பேசுவது காதில் விழாது. எதிர் மாடியில் துணி உலர்த்த வந்த வாத்தியார் மனைவி ஒரே துண்டை மூன்று முறை உதறினார்.

முடிச்சக்கா என்று தெரு முழுக்கப் பெயர் வாங்கியவள் அந்த வீட்டுக்காரி. கிழிந்த கம்பளத்தில் ஒவ்வொரு முடிச்சாகக் கட்டி, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் அடைக்கிறவள். இருபது வருடமாக அதே ஜன்னல் ஓரம், அதே வளைந்த ஊசி, மூக்கு நுனியில் அதே கண்ணாடி. கணவர் கீழே கம்பளம் கழுவுகிறவர். மனிதர்களைவிட அழுக்கைத்தான் அவர் நினைவு வைத்திருப்பார். "காப்பிக் கறை வீடு" என்றால் உடனே தெரியும். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் விழிப்பார்.

அதற்கு முந்தின வாரம்தான் இந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் கூடிவந்ததைப் பார்த்தோம். ஒரே மகளுக்கு இடம் அமைந்தது. அமைந்த இடத்திலிருந்து, படுக்கை விரிப்பில் சுற்றி, ஒரு கம்பளமும் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பெரிய ரோட்டில் கம்பளக் கடை. அவர் தெருமுனையில் திரும்பும்போதே வாசனை நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால் அவருக்குச் சென்ட்டுக்காரர் என்று பெயர். கம்பளத்தின் ஒரு மூலை நைந்திருக்கிறது, அதைக் கட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு காகிதமும் வேண்டுமாம். 'துர்க்மென் கம்பளம், டெக்கே இனத்தார் நெய்தது, வயது சுமார் எண்பது' என்று முடிச்சக்காவின் கையெழுத்தோடு. கடல் தாண்டி வாங்குகிறவர்கள்கூட அவள் கையெழுத்தைப் பார்த்துத்தான் பெட்டியைத் திறப்பார்கள் என்று அவரே நாலு பேர் முன்னால் புகழ்ந்தும் இருக்கிறார்.

இந்தத் தொழிலில் எல்லோரும் வயதைக் கூட்டித்தான் சொல்வார்கள். நேற்று நெய்ததை டீத்தண்ணீரில் ஊறப்போட்டு, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, கொள்ளுத்தாத்தா காலத்துச் சாமான் என்று தலையில் கட்டுவார்கள். பெண்ணுக்கு வயதைக் குறைத்துச் சொல்கிற வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். கம்பளத்துக்கு வயதைக் குறைக்கச் சொல்கிற வியாபாரியை யார் பார்த்தது?

"அண்ணி, இதுல ஒண்ணும் கள்ளத்தனம் இல்ல," என்றார் சின்னவர். கணவரின் தம்பி. பட்டறையின் வேன் அவர் பொறுப்பில். கதவில் சாய்ந்து சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். "நூறு வயசு தாண்டிட்டா வெளிநாட்டுக்கு அனுப்ப அரசாங்கத்துல கையெழுத்து வாங்கணும். போட்டோ எடுப்பாங்க. யார்கிட்ட வாங்கினன்னு கேப்பாங்க. ஆறு மாசம் இழுத்தடிப்பாங்க. எண்பதுன்னா பெட்டியில போட்டு அனுப்பிட்டுப் போய்ட்டே இருக்கலாம்."

"இவ்வளவு சட்டம் எப்ப படிச்சீங்க, தம்பி?"

சாவிக்கொத்து நின்றது. "சும்மா கேள்விப்பட்டது."

"பாரு," என்றார் கணவர். "நாலு மணிக்குச் சம்பந்தி வர்றார். காகிதம் ரெடியா இருக்கணும். மாசக் கடைசியில நிச்சயம். ஒரு நம்பரைப் புடிச்சுத் தொங்கி என் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துராத."

"உங்க பொண்ணா? நேத்துவரைக்கும் நம்ம பொண்ணா இருந்தா."

அவர் படியில் இறங்கிப் போனார். கீழே குழாய் சட்டென்று முழு வேகத்தில் திறந்துகொண்டது.

சின்னவர் மட்டும் நகரவில்லை. "மூலையை மட்டும் கட்டிக் குடுத்துருங்க அண்ணி," என்றார் மெதுவாக. "மத்ததெல்லாம் பிரிச்சுப் பாக்க வேணாம்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். இருமிக்கொண்டே போய்விட்டார். கம்பளக்காரியிடம் போய்ப் பிரித்துப் பார்க்காதே என்றால் அவள் வேறு என்ன செய்வாள்?

முடிச்சக்கா கதவைச் சாத்தினாள். மேசையில் இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கம்பளத்தை முழுதாக விரித்தாள். நேற்று மாலை மூட்டையை அவிழ்த்தபோது நைந்த மூலையை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

நல்ல ஆழ்ந்த சிவப்பு. ஈரல் நிறம் என்று தொழிலில் சொல்வார்கள். மூன்று வரிசையாக எண்கோணப் பூக்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் கோட்டைச் சுவர்போலப் பல் பல்லாக. பூவின் நடுவில் மட்டும் ரோஜா நிறத்தில் பட்டு.

வெள்ளைத் துணியை நனைத்துச் சிவப்பில் அழுத்தித் தேய்த்தாள். துணி வெள்ளையாகவே வந்தது. கடையில் விற்கிற சாயப்பொடி வந்த பிறகு நெய்ததாக இருந்தால் துணியில் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும். மயிரைப் பிளந்து அடிவேரைப் பார்த்தாள். நுனியில் இருந்த அதே நிறம் அடியிலும். கறுப்புக் கோடுகள் ஓடிய இடத்தில் மட்டும் கம்பளி அரித்துப் பள்ளமாக இருந்தது. கறுப்புச் சாயத்தில் சேர்க்கிற இரும்பு கம்பளியைத் தின்றுவிடும், ஆனால் அவசரப்படாமல் தின்னும். இந்த அளவு தின்ன எண்பது வருடம் போதாது.

வயது சரி. இனி யார் நெய்தது என்பதுதான்.

மத்திய ஆசியாவின் துர்க்மென் மக்களில் டெக்கே ஒரு இனம், சாலோர் இன்னொன்று. இந்தப் பூவை முதலில் நெய்தவர்கள் சாலோர் இனத்துப் பெண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு பாதி தாண்டுவதற்குள் போரில் தோற்று அந்த இனம் சிதறிப்போனது. அதற்குப் பிறகு அவர்கள் பூவை டெக்கேக்காரர்களும் எடுத்து நெய்தார்கள். ஆகவே பூவைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பூவைப் பக்கத்து வீட்டைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், முடிச்சுப் போடுகிற கையை எடுத்துக்கொள்ள முடியாது. நூல், நெடுக்காக ஓடும் ஒரு பாவு இழையைச் சுற்றி வந்து, அடுத்த இழைக்கு அடியில் நுழைந்து வெளியே வரும். டெக்கே பெண்களின் முடிச்சு வலப்பக்கம் வாய் திறக்கும். சாலோர் பெண்களின் முடிச்சு இடப்பக்கம். முடிச்சு எந்தப் பக்கம் திறக்கிறதோ மயிரும் அந்தப் பக்கமே சாயும். உள்ளங்கையை வைத்துத் தடவினாலே தெரியும்.

முடிச்சக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினாள்.

இடப்பக்கம். இடப்பக்கம். மேலிருந்து கீழாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, எங்கே கை வைத்தாலும் இடப்பக்கம்.

சாலோர். அவள் கையில் இதுவரை வந்தவற்றிலேயே வயதான கம்பளம். எழுபது அல்ல, அதற்கும் மேலேயே குறைக்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது வரிசைப் பூ ஒன்றின் மேல் கை போனபோது அது நின்றது.

அங்கே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மயிர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. சீவிய தலையில் வகிடு எடுத்ததுபோல ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இடது, அந்தப் பக்கம் வலது.

திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்த்தாள். யாரோ ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். நிறம் பிசகவில்லை. வரிசை பிசகவில்லை. முடிச்சுகள் ஒவ்வொன்றும் ஒழுங்காக, இறுக்கமாக, அழகாக, முழுத் தப்பாக வலப்பக்கம் திறந்திருந்தன. பூவைப் பார்த்து டெக்கே என்று முடிவுகட்டிவிட்ட ஒருத்தி கட்டியது.

அந்த ஒருத்தி அவள்தான்.

பதினொரு வருடம் ஆகிறது. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த கண் டாக்டர் கொண்டுவந்தார். தனி ஆள், மாடி வீடு, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அறையைச் சூடாக்குகிற அடுப்பிலிருந்து தணல் விழுந்து கம்பளம் கருகியிருந்தது. அப்போது அது புகையேறி, மண்ணேறி, நிறமே தெரியாமல் கிடந்தது. பின்பக்கத்து நிறத்தைப் பார்த்து நூல் தேர்ந்து, முடிச்சக்கா மூன்று வாரம் உட்கார்ந்து கட்டிக் கொடுத்தாள். ஊரார் கண்ணையெல்லாம் விளக்கடித்துப் பார்த்த மனிதர், அந்த வகிட்டைப் பார்க்காமலே நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வருடம் கழித்து வேறொரு சாலோர் துண்டு கைக்கு வந்தபோதுதான் தான் செய்த தவறு அவளுக்கு உறைத்தது. போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள். வெட்கம். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போனது.

கண் டாக்டர் செத்து எட்டு மாதம் ஆகிறது. மாடிப்படியில் தவறி விழுந்தார் என்றார்கள். இரண்டு நாள் கழித்து, பேப்பர் போடுகிறவர் வாசலில் பேப்பர் சேர்ந்துகிடப்பதைப் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது.

முடிச்சக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

ஒரு மணிக்கு மகள் சாப்பிட வந்தாள். மருந்துக்கடையில் வேலை. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே மாடிக்கு ஏறினாள் என்றால், கீழே அப்பா வாசலிலேயே நிறுத்திப் புலம்பியிருக்கிறார் என்று பொருள்.

"ஒரு நம்பர்தானேம்மா. எழுதிக் குடுத்துட்டுப் போயேன்."

"உங்கப்பா சொல்லிக் குடுத்தாரா?"

"சொல்லித்தான் அனுப்பினாரு. ஆனா நானும் அதைத்தான் சொல்லலாம்னு இருந்தேன்."

முடிச்சக்கா மகளின் கையைப் பிடித்து இழுத்து, கம்பளத்தின் மேல் வைத்துத் தடவ வைத்தாள். வகிடு வந்ததும் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது யார் கட்டினது?"

"நான். கண் டாக்டருக்கு."

மகள் கையை எடுத்துக்கொண்டாள். சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவள்போல.

"அவர் போனப்புறம் அந்த வீட்டுல வந்து இருக்காங்களே, அவர் தங்கச்சி, எங்க கடைக்குத்தான் வருவாங்கம்மா. தூக்க மாத்திரை வாங்க. வர்றப்பல்லாம் அதே பேச்சு. வீட்டுல எல்லாம் வெச்சது வெச்ச எடத்துல இருக்கு, மாடி ரூம் கம்பளம் மட்டும் இல்லன்னு. போலீஸ்ல எழுதியும் குடுத்தாங்க. வயசானவர் யாருக்காவது வித்திருப்பாருன்னு அனுப்பிட்டாங்களாம். நாங்க எல்லாரும் தலையாட்டிட்டு, அவங்க போனதும் சிரிப்போம்."

"இனிமே சிரிக்காத."

தட்டில் வைத்த சோறு ஆறியது.

"சென்ட்டு அங்கிள் தெரியாம வாங்கியிருக்கலாம்ல?"

"தெரியாம வாங்கினவர் வயசைக் கூட்டித்தான் எழுதச் சொல்லுவார். போட்டோ எடுத்துரக் கூடாது, யார்கிட்ட வாங்கினன்னு கேட்டுரக் கூடாதுன்னு பயப்படுறவர்தான் கொறைக்கச் சொல்லுவார்."

மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர் மாடியில் அதே துண்டு இன்னும் உதறப்பட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு அவனைப் புடிச்சிருக்கும்மா."

"தெரியும்."

"நீ என்ன எழுதினாலும் அது மாறாது. அவ்வளவுதான் சொல்லணும்னு தோணுச்சு." எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நாலு மணிக்கு நான் இங்க இருப்பேன். கடையில லீவு சொல்லிட்டு வர்றேன்."

மகள் போன பிறகு முடிச்சக்கா பேனாவை எடுத்தாள். மூன்று தடவை எழுதிக் கிழித்தாள். நாலாவதில் கை நிதானப்பட்டது.

'துர்க்மென், சாலோர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி அல்லது அதற்கு முன். முடிச்சு இடப்பக்கம் திறப்பது. இரண்டாம் வரிசையில் உள்ளங்கை அகலத்துக்கு வலப்பக்க முடிச்சில் அடைத்திருப்பது நான். பதினொரு வருடத்துக்கு முன் கண் டாக்டருக்காகச் செய்தது. கம்பளம் அவருடையது. இன்று என் மேசையில் பார்த்தேன்.'

தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாசனை வந்தது. நாலுக்குச் சென்ட்டுக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், கையில் பழக்கூடை. பின்னாலேயே கணவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சின்னவர் கதவருகில். மகள் நூல் கண்டுகள் தொங்குகிற சுவரோரம்.

"என்ன மருமகளே, வேலைக்குப் போகலையா?"

"இன்னும் மருமகள் ஆகல, அங்கிள்."

சென்ட்டுக்காரர் சிரித்தார். "வாய் நல்லா இருக்கு. எங்க வீட்டுக்கு ஒரு வாய் தேவைப்படுது." நாற்காலியைத் துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். "சம்பந்தியம்மா, வேலை முடிஞ்சதா?"

"மூலை முடியல. காகிதம் முடிஞ்சது."

நீட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, ஊதித் துடைத்து, மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. கணவர் எட்டிப் பார்த்து, பாதி படித்துவிட்டு, மேசையில் கிடந்த கம்பளத்தைப் பார்த்தார்.

"நல்ல கையெழுத்து," என்றார் சென்ட்டுக்காரர். "படிக்கச் சுலபமா இருக்கு."

"கம்பளத்தை டாக்டரோட தங்கச்சிகிட்ட குடுத்துருங்க," என்றாள் முடிச்சக்கா. "தெரியாம வாங்கிட்டேன்னு சொல்லுங்க. நானும் கூட வந்து சொல்றேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்?" காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "நான் வாங்கினதுக்கு ஒரு சீட்டும் கிடையாது. என் கடையில இது ஒரு நாள்கூட விரிச்சுப் போட்டது இல்ல. யாரும் பாத்ததில்ல. உங்க பட்டறையில இருக்கு. டாக்டர் வீட்டுச் சாமான்னு உங்களுக்குத் தெரியும்னு உங்க கையாலேயே எழுதித் தந்துட்டீங்க. தேதியும் போட்டுட்டீங்க."

முடிச்சக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையை எழுதிவிட்டோம் என்று மதியம் முழுக்க நெஞ்சில் இருந்த தெம்பு, இப்போது அவர் சட்டைப்பையில் மடிந்து உட்கார்ந்திருந்தது.

"அதைத் திருப்பிக் குடுங்க," என்றாள் மகள்.

"பத்திரமா இருக்கும்மா. ஒரே குடும்பம் ஆகப்போறோம், இல்லையா." எழுந்தார். "ரெண்டு வழி இருக்கு, சம்பந்தியம்மா. அந்தக் கட்டுன முடிச்சைப் பிரிச்சுட்டு எல்லாத்தோட சேத்து இடப்பக்கமாக் கட்டுங்க. புதுசா ஒரு காகிதம் எழுதுங்க. எண்பது. பழைய காகிதத்தை நிச்சயத்தன்னிக்கு உங்க கையிலேயே தந்துர்றேன். இல்லன்னா கம்பளம் இங்கயே கெடக்கட்டும்."

"திருட்டுச் சாமானை எங்க வீட்டுல போட்டுட்டு..." என்று ஆரம்பித்தார் கணவர்.

சென்ட்டுக்காரர் அவரைப் பார்க்கவே இல்லை. கதவருகில் நின்றவரின் தோளைப் போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டினார்.

"வீட்டுச் சாமான்னு சொல்லி எங்கிட்ட கொண்டுவந்தவர் வேன்ல வந்தார். எந்த வேன்னு உங்க வீட்டுல கேளுங்க."

படியில் அவர் காலடி நிதானமாக இறங்கியது. வாசனை மட்டும் போகவில்லை.

சின்னவர் சாவிக்கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவர் வேறு ஊரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கம்பளம் ஏற்கெனவே ஒரு முறை அண்ணியின் மேசைக்கு வந்துபோனது அவருக்கு எப்படித் தெரியும்?

"கழுவ எடுத்துட்டுப் போகச் சொல்லி டாக்டர்தான் போன் பண்ணாரு, அண்ணி. நான் போனப்போ வாசக்கதவு தெறந்து கெடந்துச்சு. சுருட்டி, கயிறு கட்டி, வாசல்லயே வெச்சிருந்தாரு. மாடியிலேர்ந்து அவரே தூக்கிட்டு வந்திருப்பாரு போல. கூப்பிட்டுப் பாத்தேன். உள்ள எட்டிப் பாத்தா..."

"பாத்தா?"

"படிக்குக் கீழ கெடந்தாரு."

கணவர் பக்கத்தில் இருந்த கம்பள அடுக்கின் மேல் உட்கார்ந்தார். அது காலையில் கழுவியது. ஈரம் பேன்ட்டில் ஏறுவது அவருக்குத் தெரியவில்லை.

"எத்தனை மணி இருக்கும்?" என்றாள் முடிச்சக்கா.

"காலையில. பதினொண்ணு இருக்கும். பயந்துட்டேன் அண்ணி. நான்தான் தள்ளிட்டேன்னு சொல்லிருவாங்கன்னு. சாமானைத் தூக்கிட்டு வந்துட்டேன். வந்தப்புறம் திருப்பி வைக்க வழியில்ல. யார்கிட்ட சொல்றது..."

"தம்பி, நான் ஒண்ணு கேக்குறேன். அவருக்கு மூச்சு இருந்துச்சா?"

"சுருட்டி ரெடியா வெச்சிருந்தாரு அண்ணி. வாசல்லயே."

"அதைக் கேக்கல."

"கயிறுகூட அவரே கட்டி..."

"சித்தப்பா," என்றாள் மகள்.

சின்னவர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே குழாய் மறுபடி பாதியாக மூடப்பட்டிருந்தது.

முடிச்சக்கா கம்பளத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள். மகள் மறுமுனையைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க?" என்றார் கணவர்.

"எங்க போகணுமோ அங்க."

"அவனைச் சொல்லிருவியா? என் தம்பியை?"

"கேட்டாச் சொல்லுவேன்." கயிற்றை இறுக்கினாள். "கேக்கலன்னாலும் சொல்லுவேன். வழியை விடுங்க, எட்டு மாசமா ஒருத்தங்க மாத்திரை போட்டுத் தூங்கிட்டிருக்காங்க."

படுக்கை விரிப்பைக்கூடச் சுற்றாமல், ஈரல் சிவப்பு வெயிலில் தெரிய, தாயும் மகளும் ஆளுக்கொரு முனையாகத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு தெருவையும் நடந்தே கடந்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்று பின்னால் ஒருவரும் சொல்ல முடியாது. தெருவில் அன்று ஜன்னல் மூடியிருந்த வீடு ஒன்றுகூட இல்லை. வாத்தியார் மனைவி துண்டோடு கீழேயே இறங்கி வந்துவிட்டார்.

கதவைத் திறந்த டாக்டரின் தங்கை கம்பளத்தைப் பார்த்தார். தொடவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. ஒல்லியான, நிமிர்ந்த மனுஷி. தோட்டத்து மண் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். முடிச்சக்கா ஒன்று விடாமல் சொன்னாள். வகிட்டைச் சொன்னாள், தான் செய்த தவறையும் சொன்னாள், சென்ட்டுக்காரர் சட்டைப்பையில் இருக்கிற காகிதத்தைச் சொன்னாள். கடைசியாகக் கணவரின் தம்பியைச் சொன்னாள்.

"அவர் போனப்போ எங்கண்ணன் விழுந்து கெடந்தாரா?"

"ஆமாம்மா."

"எத்தனை மணிக்குப் போனாரு?"

"காலையில பதினொண்ணுன்னு சொல்றாரு."

அந்த அம்மா தலையை மெதுவாக ஆட்டினார். யாரோ விலாசம் கேட்டதற்குப் பதில் யோசிக்கிறவர்போல.

"ஆஸ்பத்திரியில அறுத்துப் பாத்துட்டு எழுதிக் குடுத்தாங்க," என்றார். "உயிர் போனது மறுநாள் விடியக்காலம்னு."

மகள் தோளிலிருந்த முனை நழுவியது. கம்பளம் வாசற்படியில் சாய்ந்து, கயிறு நழுவி, மெல்ல அவிழ்ந்து, அந்த அம்மாவின் கால்வரைக்கும் விரிந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது வேன் வாசலில் நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. சின்னவர் இல்லை. அண்ணனிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அவர் மனைவி ஒரு வாரம் வாசலைப் பார்த்துவிட்டு, எட்டாம் நாள் தன் அக்கா ஊருக்குக் குடிபோனாள்.

மாசக் கடைசி நிச்சயம் நடக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சென்ட்டுக்காரர் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தார். முடிச்சக்காவைப் போலீஸ் மூன்று தடவை கூப்பிட்டு உட்கார வைத்தது. மூன்று தடவையும் டாக்டரின் தங்கை கூடவே போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதனால்தான் மூன்றோடு நின்றது என்கிறார்கள்.

மகளுக்குக் கல்யாணம் அடுத்த வருடம் ஆனது. மாப்பிள்ளை அதே மாப்பிள்ளைதான். அப்பா வீட்டைவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு வெளியேறி, பதிவு அலுவலகத்தில் வந்து கையெழுத்துப் போட்டான். அவன் பக்கம் சாட்சிக்கு ஆள் இல்லாமல், வாத்தியார் மனைவி ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரும் ரயிலில் ஒரு நாள் தூரம் இருக்கிற ஊருக்குப் போய்விட்டார்கள். அவன் இப்போது ஏதோ பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிறான், கம்பளம் இருக்கிற கடைப்பக்கம்கூடப் போவதில்லை என்று கேள்வி.

சின்னவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. போன வாரம்தான் முதல் முறையாகப் போன் வந்தது. அண்ணன் வீட்டுக்கு அல்ல. பெண்டாட்டிக்கும் அல்ல. டாக்டரின் தங்கைக்கு.

அரை மணி நேரம் அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தாராம். போனை வைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் இரண்டு தெருவையும் நடந்து வந்து, பட்டறைப் படியேறி, முடிச்சக்காவின் அறைக் கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டார். "அன்னிக்கு மூச்சு இருந்துச்சான்னு நீங்க கேட்டதுக்கு, இன்னிக்குத்தான் எங்கிட்ட பதில் சொன்னாரு," என்றார்.